கற்பனை உலகத்துக்கு வரைபடம் போடும் முன்

கதைக்காகப் புதியதோர் உலகத்தை வரைகிறீர்களா, மாணவர்களே? காட்டையும் பாலைவனத்தையும் நினைத்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். முதலில் புவித்தட்டுகளை வரைந்து, அவை நகரும் திசைக்கு அம்புக்குறி இடுங்கள்.

கண்டங்கள் மோதினால் மலை எழும். இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதத் தொடங்கியதால் இமயமலை உருவானது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன் தென்சரிவில் ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. மறுபுறம் திபெத் வறண்டு கிடக்கிறது. மாணவர்கள் வரையும் படங்களிலோ மலைக்கு இருபுறமும் பச்சை வண்ணம்தான்!

விலங்குகளை எங்கே விடுவது? விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1856இல் ஆல்பிரட் வாலஸ் பாலியிலிருந்து லொம்போக் தீவுக்குச் சென்றார். இடையே சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். ஆனால், பாலியில் கண்ட பறவைகள் பல அங்கே இல்லை. ஆஸ்திரேலியப் பகுதிக்குரிய காக்கட்டூ கிளிகள் இருந்தன.

ஆஸ்திரேலியா நெடுங்காலம் தனித்திருந்து, வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருங்கிய கண்டம். பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது மலாயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பாலி எல்லாம் ஒரே நிலமாக இணைந்தன. லொம்போக் நீரிணை மட்டும் ஆழமானது, வற்றவில்லை. புலி பாலிவரை வந்தது, அதற்கப்பால் போகவில்லை.

உங்கள் வரைபடத்தில் இரு கண்டங்கள் அருகருகே இருந்தால், அவை எப்போது நெருங்கின, இடைக்கடல் எவ்வளவு ஆழம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிராகன் அந்தக் கடலைப் பறந்து கடந்துவிடும். நடந்து திரியும் அதன் இரை?