இயற்பியலிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்கு

சந்தை, போக்குவரத்து, இணையம் போன்ற சிக்கலான அமைப்புகளை இயற்பியல் முறையில் ஆராயக் கிளம்பியிருக்கிறீர்கள். அந்த முறை அங்கே செல்லுமா என்று கேட்பார்கள். எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

1. விடுவதற்குக் காரணம் வைத்திருங்கள். காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலைக்கு அருகே, அணுக்களின் நுணுக்கங்கள் பெரிதாகப் பொருட்டல்ல. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டிய கென்னத் வில்சனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. பங்குச்சந்தைக்கு அப்படி யாரும் நிறுவித் தரவில்லை.

2. நுணுக்கத்தை மாற்றிச் சோதியுங்கள். மணற்குவியலில் சிறிதும் பெரிதுமாக எல்லா அளவிலும் சரிவுகள் வரும் என்றது 1987இல் பெர் பாக் குழுவினர் போட்ட கணினி மாதிரி. 1996இல் ஆஸ்லோவில் மணலுக்குப் பதில் அரிசியைக் குவித்துப் பார்த்தார்கள். நீள அரிசியில் அது பலித்தது. குட்டை அரிசியில் பலிக்கவில்லை. அரிசி ரகமே முடிவை மாற்றுகிறது. மனிதர்களை வெறும் புள்ளிகளாக்கும் முன் யோசியுங்கள்.

3. நேர்கோட்டைக் கண்டு மயங்காதீர்கள். இரு அச்சுகளையும் மடக்கையில் வைத்து வரைந்தால் எத்தனையோ தரவுகள் நேர்கோடாகி, அடுக்கு விதி (power law) போலத் தோன்றும். கிளாசெட், ஷலீசி, நியூமன் மூவரும் 2009இல் தந்த சோதனைமுறையில் போட்டுப் பாருங்கள், பல தேறாது.

4. நீங்கள் ஆராயும் துறைக்காரர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அதிக இணைப்புள்ள சில முனைகளைத் தாக்கினால் இணையமே சிதறும் என்று 2000இல் ஒரு கட்டுரை சொன்னது. ரவுட்டர்களை அறிந்தவர்கள் 2005இல் மறுத்தார்கள்: இணைப்பு அதிகமுள்ள ரவுட்டர்கள் பயனர் பக்கத்து ஓரத்தில் இருக்கும், நடுவில் இருப்பவற்றுக்கு இணைப்பு குறைவு, வேகம்தான் அதிகம்.

5. அதற்காக எளிய மாதிரி போடக் கூசவும் வேண்டாம். 2008இல் வெளியான ஜப்பானிய சோதனையில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, விபத்து இல்லை. ஆனாலும் நெரிசல் தானாக உருவாகிப் பின்னோக்கி நகர்ந்தது. எளிய சமன்பாடுகள் முன்பே சொன்னது அதைத்தான்.

6. கணினியை இயக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எதையெல்லாம் விட்டேன், எந்த அளவீடு வந்தால் என் மாதிரி தவறு. இரண்டாவதற்கு விடை எழுத முடியாவிட்டால், கேள்வியை மாற்றுங்கள்.