ஒவ்வொன்றாக எடுத்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பைத்தான் நிரலைப் படித்தேன். ஜிப் கோப்பைத் திறந்ததுமே 'எக்ஸ்ட்ராக்ட்ஆல்' போட்டு எல்லாவற்றையும் டிஸ்கில் கொட்டிவிட்டு, பிறகு அந்த ஃபோல்டருக்குள் சிஎஸ்வி கோப்புகளைத் தேடுகிறாய். வேலை நடக்கிறது, சரி. ஆனாலும் இந்தப் பழக்கம் ஊறிப்போவதற்குள் விட்டுவிடு. லூப் போட்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார். வேண்டியதை மட்டும் எடு.

காரணம் புரிய, ஏதாவது ஒரு வேர்ட் டாக்எக்ஸ் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார். அதுவும் ஜிப்தான். முதல் இரண்டு எழுத்து 'பிகே' என்று இருக்கும். 1989-ல் இந்த வடிவத்தை வெளியிட்ட ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதே அடையாளத்தோடு ஒரு சிறு தலைப்பு உண்டு. எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஓர் அட்டவணை: எந்தக் கோப்பு, என்ன அளவு, எங்கே தொடங்குகிறது என்று. பைத்தான் முதலில் படிப்பது அதைத்தான். அதனால் 'இன்ஃபோலிஸ்ட்' மேல் லூப் ஓட்டினால், ஒரு கோப்பைக்கூட விரிக்காமலே பெயரும் அளவும் தெரிந்துவிடும்.

டார் கோப்பில் இந்த வசதி கிடையாது. காந்த நாடாவுக்காகப் பிறந்த வடிவம் அது. 512 பைட் தலைப்பு, பின்னால் தரவு, மறுபடி தலைப்பு என்று போகும், அட்டவணையே இல்லை. ஜிஜிப்பால் சுருக்கியிருந்தால், கடைசிக் கோப்பின் பெயரை அறியவே முழுவதையும் விரித்தாக வேண்டும். முதலில் பெயர்ப் பட்டியல், பிறகு தரவு என்று இரண்டு முறை ஓடாதே. ஒரே ஓட்டத்தில் முடி.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரு ஜிப்பில் இருக்க முடியும். பெயரைக் கொடுத்துத் திறந்தால் கடைசியில் இருப்பதுதான் கிடைக்கும், முந்தையது சத்தமில்லாமல் விடுபடும். ஆகவே 'ஓப்பன்'-க்குப் பெயரைக் கொடுக்காதே. லூப்பில் கையில் வரும் அந்த இன்ஃபோ பொருளையே கொடு.

நம் தமிழ்க் கோப்புப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல். பெயர் யுடிஎஃப்-8-ல் இருக்கிறது என்று சொல்ல ஒரு பிட் உண்டு. அதைப் போடாமல் சில மென்பொருள்கள் ஜிப் செய்துவிடும். அப்போது பைத்தான் அந்தப் பெயரைப் பழைய சிபி437 குறியீடாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கிரேக்க ஆல்பாவும் கோண மேற்கோள் குறியுமாகத் தொடங்கிக் குப்பையாகத் தெரியும். பதறாதே, தரவு கெடவில்லை. அந்தப் பெயரை சிபி437-க்குத் திருப்பி, யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் வந்துவிடும்.

இதைவிட முக்கியம் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் பெயரில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து, உன் ஃபோல்டருக்கு வெளியே எழுத வைக்க முடியும். ஜிப் தொகுதியின் 'எக்ஸ்ட்ராக்ட்' அதை நீக்கிவிடும். டாருக்குப் பைத்தான் 3.12-ல் வடிகட்டி வந்தது, 3.14-ல்தான் 'டேட்டா' வடிகட்டி இயல்பானது. பாதையை நீயே ஒட்டி எழுதினால் எந்தக் காவலும் இல்லை, நீதான் பார்க்க வேண்டும். அட்டவணை சொல்லும் அளவையும் அப்படியே நம்பாதே. துண்டு துண்டாகப் படித்து, எண்ணிக்கொண்டே போ. வரம்பு தாண்டினால் நிறுத்து.

திருத்தி எழுது. ஒரே பெயரில் இரண்டு, தமிழ்ப் பெயரில் ஒன்று, வெளியே தாவும் பெயரில் ஒன்று என்று நீயே ஒரு ஜிப் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா