நீர் இறைப்பதற்கு ஏற்ற வலு எது?

ஆலங்குடாவின் மணல் நிலம் நீரை நெடுநேரம் தாங்காது. ஆகவே மிளகாய், வெங்காயம் முதலியவற்றிற்கு அடிக்கடி நீர் பாய்ச்சுதல் அவசியம். அதற்கான வலுவைத் தெரிந்தெடுக்குமுன் கணக்குப் பார்த்தல் நன்று.

தேவை: 6 மீற்றர் ஆழத்திலிருந்து 20,000 லீற்றர் நீரை உயர்த்த, இழப்புகளையுஞ் சேர்த்து, ஏறத்தாழ 1 அலகு மின் போதும். தூவல் முறையில் அமுக்கத்திற்கெனவும் வலு செலவாவதால், தேவை சுமார் நான்கு மடங்காகும்.

1. மண்ணெண்ணெய் இயந்திரம்: வாங்கும் விலை குறைவு, எங்குங் கொண்டு செல்லலாம். ஆயின் எரிபொருட் செலவு ஓயாது. 2022 ஓகத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

2. மின்கம்பி: அயலிலுள்ள நுரைச்சோலை நிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. எனினும் அதன் மின் உயர் அழுத்தத்தில் நாடெங்குஞ் செல்வதாகும். மின்மாற்றி அண்மையிலிருந்தால் இம்முறையே இலகு. தொலைவாயின் கம்பஞ் செலவு மிகும்.

3. காற்று: தென்மேற்குப் பருவத்தில் வலிது, ஏனைய மாதங்களில் நம்புவதற்கில்லை.

4. சூரிய ஒளி: 1 கிலோவாற்றுத் தகடுகள் வெயில் நாளில் ஏறக்குறைய 4 அலகு தரும். முதற்செலவு அதிகம், எரிபொருள் வேண்டியதில்லை. பகலில் உயரத் தொட்டியை நிரப்பினால் மின்கலமும் வேண்டாம்.

எச்சரிக்கை: செலவின்றி வலு கிடைக்கிறதென்று மிகையாக இறைத்தலாகாது. இங்கு நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. அளவு மீறினால் உவர் மேலேறிக் கிணறு கெடும். கெட்ட கிணற்றை எவ்வலுவும் மீட்டுத் தராது.