இடுப்பு வலி என்று வரும் அம்மாவிடம் கேட்க வேண்டியது

அன்புள்ள தங்கைக்கு,

ஐ.எஃப்.டி. மின்சிகிச்சை வைக்கிறேன், ஒத்தடம் கொடுக்கிறேன், முதுகுக்குப் பயிற்சியும் சொல்லித் தருகிறேன். நாலு நாள் நன்றாக இருந்துவிட்டு அதே குறுக்கு வலியோடு திரும்பி வருகிறார்கள் என்று ஆவடியிலிருந்து எழுதியிருந்தாய். எல்லோரும் நாற்பதைத் தாண்டிய பெண்கள் என்றும் எழுதியிருந்தாய். அவர்களிடம் ஒன்றைக் கேட்டாயா? "தும்மினா, இருமினா, குடத்தைத் தூக்கினா யூரின் கசியுதாம்மா?"

அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள். வயசானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ரயில் ஏறும் முன் காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்துவிட்டு வந்து, உன்னிடம் இடுப்பு வலியை மட்டும் சொல்வார்கள். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க மேடம், அதுல இருந்துதான்" என்பார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். இந்தப் பேச்சை நீ தினமும் கேட்பாய். தட்டிவிடாதே. பல வருட வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் வலி பிள்ளைப்பேற்றிலிருந்து தொடங்கியது என்று அவர்கள் சொல்லும் கணக்கை நம்பு. கர்ப்பம் வயிற்றுத் தசைகளையும், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளையும் தளர்த்தியிருக்கும். யாரும் அதைத் திரும்பக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மேலே உதரவிதானம், முன்னே குறுக்கு வயிற்றுத் தசை, பின்னே முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை, கீழே இடுப்புத்தளம்: வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை இந்த நான்கும் சேர்ந்து பிடிப்பதால் முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கிறது என்று படித்திருப்பாய். 2006இல் ஆஸ்திரேலியாவில் 38,000 பெண்களின் தகவலை வைத்து வெளியான ஆய்வு, முதுகு வலிக்கு உடல் பருமனோடு இருப்பதைவிட வலுவான தொடர்பு சிறுநீர்க் கசிவோடும் மூச்சுக் கோளாறோடும் இருப்பதாகச் சொன்னது. தொடர்புதான், எது எதற்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இடுப்புத்தளப் பயிற்சியை முதுகு வலிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் கூடுதல் பலன் தெரிந்தது, சிலவற்றில் வழக்கமான பயிற்சியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் முதுகுப் பயிற்சியையும் நடையையும் நிறுத்தாதே, இதையும் சேர். கசிவு குறையும் என்று தைரியமாகச் சொல். முதுகு வலி இதனால் மட்டும் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

சொல்லிக் கொடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "கீகல் பண்ணுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய ஆர்னால்ட் கீகலே, தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பார்க்க அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். திரையை இழுத்துவிட்டு, முழங்காலை மடக்கிப் படுக்க வை. "காத்து பிரியாம அடக்குற மாதிரி உள்ளே இழுங்க, அப்படியே முன்பக்கமும் மேலே தூக்குங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார். பல்லைக் கடிப்பார், மூச்சைப் பிடிப்பார், தொடை இரண்டும் ஒட்டிக்கொள்ளும், புட்டம் மெத்தையிலிருந்து எழும்பும். சிலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவார்கள், அது கெடுதல். பிள்ளைகள் பெயரை எண்ணச் சொல். பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் மூச்சு அடைபடவில்லை. எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் முழுசாகத் தளர விட வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லாதே. குடம் தூக்கும் முன், தும்மல் வரும் முன் ஒரு தரம் இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொடு. முதலில் அதில்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். நீயும் ஒருநாள் போகலாம். ஹாலில் வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார், கட்டிலில் மாமியார் இருப்பார். அங்கே இந்தக் கேள்வியைக் கேட்காதே. குடிக்கத் தண்ணீர் கேட்டு, அந்த அம்மாவோடு சமையல்கட்டுக்குப் போய்க் கேள்.

எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது. தாம்பத்தியத்தில் வலி, அடியில் எப்போதும் இறுக்கம் என்று சொல்பவர்களுக்கு முதலில் மூச்சோடு தளர்த்தத்தான் கற்றுத்தர வேண்டும். அடி இறங்கிய உணர்வு, மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு என்றால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பு. உட்காரும் இடம் மரத்துப்போனது, சிறுநீர் திடீரென்று வராமல் நின்றது, இரண்டு காலும் தளர்கிறது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

நீ எழுதிய அந்த டெய்லர் அம்மாவை மறுபடியும் ஸ்கேனுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். இந்த ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் அவசரப்படாதே. அடுத்த முறை வரும்போது திரையை இழுத்துவிட்டு முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா