நெஞ்சு ஆற அன்னாசி உதவுமா?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. போன மாதம் மாரடைப்பு வந்து, ஜொகூர் பாருவில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியிருக்கிறார். ‘அன்னாசி நெஞ்சுக்குள்ளே இருக்கிற வீக்கத்தைக் கரைச்சிடும்’ என்று தினமும் ஒரு முழுப் பழத்தைச் சாப்பிடுகிறார். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?
– ஒரு மருமகள், பெக்கான் நானாஸ்

பதில்: சகோதரி, ஊர்ப் பெயரிலேயே அன்னாசி இருக்கும்போது உங்கள் மாமனார் வேறு எந்தப் பழத்தை நம்புவார்? மலாய்க்காரர் சொல்லும் ‘நானாஸ்’, நாம் சொல்லும் ‘அன்னாசி’ இரண்டுக்கும் தாய்வீடு தென் அமெரிக்கா. அங்கே துப்பி மக்கள் வைத்த பெயரைப் போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பொந்தியான் சதுப்புக் கருமண்ணில் அது வேர்விட்டு ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது.

மாமனார் சொல்வதற்கும் ஒரு வேர் உண்டு. 1891-இல் வெனிசுவேலா நாட்டு வேதியியலாளர் விசென்தே மார்க்கானோ அன்னாசிச் சாற்றிலிருந்து புரதத்தை அறுக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். இன்று அதற்குப் பெயர் புரோமிலைன். நாலு துண்டு சேர்ந்தாற்போல் தின்றால் நாக்கு நமநமவென்று அரிக்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. சமையலறையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெல்லி உறையவே உறையாது, ஏனென்றால் ஜெலட்டின் புரதம். அகர் அகரில் போட்டால் உறைந்துவிடும், அது புரதமில்லை. டின்னில் அடைத்த அன்னாசியோ ஜெலட்டினிலும் சமர்த்தாக உறையும். டின்னில் அடைக்கும்போது கொடுக்கும் சூட்டில் நொதி செத்துவிடுகிறது.

பழத்தைவிடத் தண்டில்தான் இந்த நொதி அதிகம். அறுவடை முடிந்து மிஞ்சும் தண்டிலிருந்து பிரித்தெடுத்து, தீக்காயத்தில் வெந்து செத்த தோலைக் கரைத்தெடுக்கும் மருந்தாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பா 2012-இல் அதை அனுமதித்தது. வெளியே பூசுகிற கதை அதோடு முடிகிறது. வாயால் தின்றதில் பெரும்பங்கை வயிறே செரித்துவிடும். அன்னாசி தின்று மாரடைப்பு ஆறியதாக நிரூபித்த சோதனை எதுவும் கிடையாது. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை மட்டும் நிச்சயம் ரத்தத்துக்குப் போகும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு. இரண்டு துண்டோடு கையைத் துடைக்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பழத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ‘வீக்கத்தைக் கரைக்கணும்’ என்கிற அந்த நினைப்புதான் கவலை தருகிறது. கரைக்கக் கூடாது!

அந்த வீக்கத்தை மருத்துவத்தில் அழற்சி என்பார்கள். அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து வந்த சொல். லத்தீனிலும் அந்தச் சொல்லுக்குள் நெருப்புதான். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நாலு அடையாளத்தை ரோமாபுரி செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். உறுப்பு வேலை செய்யாமல் போவது ஐந்தாவது அடையாளம். அதைச் சொன்னவர் கேலன் என்று பாடப்புத்தகங்கள் பலவற்றில் இருக்கும், அது தவறு. சேர்த்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் ருடால்ஃப் விர்ஷோ. மாரடைப்பில் இந்த ஐந்தாவதுதான் ஆளைக் கொல்வது.

அன்னாசித் தோட்டத்தில் பாராங் பட்டு விரல் கிழிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சிவந்து வீங்கிச் சூடேறும். அப்புறம் நீர் கட்டும், பொருக்கு விழும், கடைசியில் தழும்பு. நெஞ்சுக்குள்ளும் இதே வரிசைதான். ரத்தம் கிடைக்காமல் செத்த தசையைத் தேடி முதல் சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் ஓடிவரும், அழுகலை அறுக்கும். மூன்றாம் நாள் வாக்கில் மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கணுக்கள் வந்து குப்பையை வாரி விழுங்கும். விழுங்கி முடித்ததும் அவை குணம் மாறி, ‘இனிப் பூசலாம்’ என்று சேதி அனுப்பும். அதன் பிறகே கொலாஜன் நார் படிந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் கெட்டித் தழும்பாகும். குப்பை வாரியாகி, நார் இன்னும் படியாத முதல் வாரத்தில்தான் இதயச் சுவர் மிக மெலிந்து கிடக்கும். கிழிந்த விரலுக்குக் கட்டுப்போட்டு ஓய்வு கொடுக்கலாம், நாளுக்கு லட்சம் தடவை துடிக்கிற நெஞ்சுக்கு அது முடியாது.

1970-களில் மருத்துவர்கள் சிலர் இந்த அழற்சியை ஸ்டீராய்டு கொடுத்து அணைத்துப் பார்த்தார்கள். தழும்பு சரியாகப் பிடிக்கவில்லை, சுவர் மெலிகிறது என்று அறிக்கைகள் வந்ததும் கைவிட்டார்கள். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் ஊரில் மூட்டுவலிக்கென்று விற்கும் சில ஜாமு, மாஜுன் வகைகளில் டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. மாமனாரின் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மாரடைப்பு கண்டவருக்கு அவை ஆபத்தைக் கூட்டுகின்றன. டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் வேறு கணக்கு, அது ரத்தக் கட்டியைத் தடுக்கக் கொடுப்பது. அதை நிறுத்தவே கூடாது.

கேள்வி: மாமனாரின் தம்பிக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது. இரண்டு மாதத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். இவருக்குப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர் ஏதாவது கொடுக்கலாமா?
– அதே மருமகள்

பதில்: எதிர்ப்பு சக்தியைக் ‘கூட்டும்’! இந்தச் சொல்லோடு நான் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன். எதிர்ப்பு சக்தி வங்கிக் கணக்கு இல்லை, கூட்டிக்கொண்டே போக. வர வேண்டிய நேரத்தில் வந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய், வேலை முடிந்ததும் வீடு திரும்ப வேண்டும். அதுதான் நல்ல எதிர்ப்பு சக்தி.

தம்பிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, அடைப்பு எத்தனை மணி நேரத்தில் திறந்தது, எவ்வளவு தசை செத்தது என்பவைதான் முதல் காரணங்கள், அவற்றை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் வெள்ளணுக்களுக்கும் வயசாகிறது. 2014-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இளையவர், முதியவர் இரு தரப்பின் நியூட்ரோஃபில்களையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முதியவரின் அணுக்களுக்கு வேகம் குறையவில்லை, திசைதான் தப்பியது. காயத்துக்கு நேரே போகாமல் அங்கேயும் இங்கேயும் அலைந்தன. அலைகிற வழியெல்லாம் அவை சிந்தும் நொதி நல்ல தசையையும் அறுக்கும்.

அதற்கும் முன்னால், 2008-இல் ஹூஸ்டனில் கிழட்டு எலிகளுக்கு மாரடைப்பு உண்டாக்கிப் பார்த்த ஆய்வு இன்னும் தெளிவு. வெள்ளணுக்கள் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. செத்த தசையை விழுங்குவது இழுபறியானது. நாரும் போதாமல் படிந்தது, இதயம் ஊதிப் பெருத்தது. ஆக, முதிய உடம்பு அழற்சியைத் தொடங்கவும் தடுமாறுகிறது, முடிக்கவும் தடுமாறுகிறது. இதற்கு நடுவே காயமே இல்லாதபோதும் உடம்பெங்கும் ஒரு கங்கு புகைந்துகொண்டிருக்கும். இப்படி வயசோடு வரும் அழற்சிக்கு இத்தாலியர் கிளாடியோ ஃப்ரான்செஸ்கி 2000-இல் தனிப் பெயரே சூட்டினார். நான் அதை மூப்பழல் என்பேன்.

இந்த வெள்ளணுப் படையில் ஒரு பிரிவுக்கு வாத்தியார் வீடு எங்கே தெரியுமா? இதயத்துக்கு நேர் மேலே, மார்பெலும்புக்குப் பின்னால். தைமஸ் என்கிற சுரப்பி. T அணுக்கள் என்கிற வெள்ளணுக்களுக்குப் பள்ளிக்கூடம் அதுதான். பருவ வயசுக்குப் பிறகு சுருங்கிச் சுருங்கிக் கொழுப்பாகிவிடுவதால் அதை வேலையற்ற சதை என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதை எடுத்துவிட்டுப் பார்த்தார். குஞ்சுகள் தொற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மெலிந்து செத்தன. அதன் பிறகும் ‘பெரியவர்களுக்கு அது தேவையில்லை’ என்ற நம்பிக்கை போகவில்லை. நெஞ்சைத் திறக்கும்போது வழியில் நிற்கிறது என்று அறுவைக்காரர்கள் அதை வெட்டி எறிவது வழக்கம். 2023-இல் பாஸ்டனிலிருந்து ஒரு கணக்கு வந்தது: தைமஸை எடுத்த பெரியவர்களில் ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர் 8.1 சதவீதம், எடுக்காமல் நெஞ்சறுவை செய்துகொண்டவர்களில் 2.8 சதவீதம். சுருங்கிய பள்ளிக்கூடத்திலும் இன்னும் நாலு பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

பவுடருக்கு வைத்திருக்கும் காசில் மாமனாருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுங்கள். கனடாவில் 2018-இல் பார்த்தபோது, இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆபத்து ஆறு மடங்கு. 2021-இல் வந்த சோதனையில், மாரடைப்புக்கு மருத்துவம் முடிந்த மூன்று நாளுக்குள் 2,500-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் மீதிப் பேருக்கு உப்புநீரும் போட்டார்கள். ஒரு வருஷத்தில் மரணமோ மறுபடி அடைப்போ கண்டவர்கள் உப்புநீர்க் கூட்டத்தில் 7.2 சதவீதம், ஊசிக் கூட்டத்தில் 5.3. முதிய உடம்பின் எதிர்ப்பு அணுக்களுக்கு முன்கூட்டியே எதிரியின் படத்தைக் காட்டிவைக்கிறோம், அவ்வளவுதான். அடுத்த முறை கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வேலியில் நெருப்பு மாதிரி ஒரு கொடிப்பூ. ‘தொடாதே, கிழங்கு விஷம்’ என்று ஆயா விரட்டுவார். அது என்ன பூ?
– பள்ளி மாணவி, பெக்கான் நானாஸ்

பதில்: இதழ் கீழே மஞ்சளாகவும் மேலே சிவப்பாகவும் அலையலையாகச் சுருண்டு, இலை நுனி சுருளிக் கம்பியாக வேலியைப் பிடித்திருக்கிறதா? அது செங்காந்தள். கார்த்திகைப் பூ என்பதும் கண்வலிப்பூ என்பதும் அதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான்.

ஆயா சொன்னது சரி. கொடி முழுக்க கொல்கிசின் என்கிற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. ஆனால் தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் பக்கம் இதைப் பந்தலிட்டு வளர்த்து, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். கொல்கிசின் கீல்வாதத்துக்குப் பழைய மருந்து. இப்போது நெஞ்சுக்கும் வந்திருக்கிறது. மேலே உன் ஊர் அக்காவுக்குச் சொன்னேனே, அந்த நியூட்ரோஃபில்லின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களைப் பிடித்து, அது ஓடுவதை இது மட்டுப்படுத்தும். 2019-இல் மாரடைப்பு கண்ட 4,745 பேரிடம் சிறு அளவில் கொடுத்துப் பார்த்ததில், மறுபடி ஆபத்து வந்தவர்கள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5-க்கு இறங்கினார்கள். 2024-இல் 7,062 பேரிடம் சோதித்தபோது வித்தியாசமே தெரியவில்லை. யாருக்கு, எந்த நாளில் கொடுப்பது என்பதில் வழக்கு இன்னும் நடக்கிறது.

மருந்து அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்று எந்த ஆயாவாலும் அளக்க முடியாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். பூவைப் பார், படம் எடு. வேலியடியில் மண்ணைக் கிளறினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போ.