இணையத்தில் வீடு பார்ப்போம்!



பழங்காநத்தத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் என்ன கேட்பார்கள்? வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணி வருமா, கரண்ட் மீட்டர் தனியா பொதுவா என்பார்கள். "காலி பண்ணச் சொன்னா எத்தனை நாள் டயம் தருவீங்க?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. இணையத்தில் நம் எழுத்துக்கு இடம் பிடிக்கும்போதும் இப்படித்தான். இலவசமா, எத்தனை ஜிபி என்று பார்ப்பதோடு சரி. அந்தக் கடைசிக் கேள்வியின் அருமை தெரிய ஒரு பழைய கதையைப் பார்ப்போம்.

ஏதென்ஸ் 5180

1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ், கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகப் பக்கம் கொடுத்தது. அதில் பேட்டைகள் உண்டு, கதவு எண்ணும் உண்டு. கல்வி, இலக்கியம் எழுதுவோருக்கு 'ஏதென்ஸ்' பேட்டை. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் நடத்திய தமிழ் மின்னூலகம் 'ஏதென்ஸ் 5180' என்ற முகவரியில்தான் இருந்தது. 1999-ல் ஜியோசிட்டீஸை யாஹூ விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. பேட்டையே போய்விட்டது! தன்னார்வலர்கள் ஓடியோடிச் சேமித்தது போக மீதி அழிந்தது.

இதே முனைவர் ஒருங்கிணைத்து 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். நம் ஊர்ச் சங்கத்தை நினைத்து வைத்த பெயர். உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்த நூல்கள் அதில் உள்ளன. அதற்குச் சொந்த இணையப் பெயர் உண்டு. முகப்புக் குறிப்பை மாற்றாமல் யாரும் நகல் எடுக்கலாம், பகிரலாம். பெயர் தன் கையில், நகல் பல பேர் கையில். அதனால்தான் ஒரு வாசல் மூடினாலும் நூல்கள் பிழைத்துக்கொள்ளும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூனிகோட் யூ.டி.எப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள். ஆக 15 பைட். ஒரு கட்டுரைக்கு 4000 குறிகள் என்றால் 12 கிலோபைட். ஆயிரம் கட்டுரை எழுதினாலும் 12 மெகாபைட்தான்! போனில் எடுக்கும் நாலைந்து போட்டோ அளவு. ஆகவே 'அன்லிமிடெட்' விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வீடுகளின் வகைகள்

1. இலவச வீடு: பிளாக்கர், வேர்ட்பிரஸ்.காம் போன்றவை. பத்து நிமிடத்தில் குடியேறலாம். ஆனால் சட்டம் வீட்டுக்காரருடையது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்தது நினைவிருக்கட்டும்.

2. நிலைப் பக்கம்: கிட்ஹப் பேஜஸ் போன்றவை. இதுவும் இலவசம். 1 ஜிபி வரை வைக்கலாம். எச்.டி.எம்.எல். கொஞ்சம் தெரிய வேண்டும். மூலக் கோப்புகளை நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு ஏற்றுவதால் நகல் தானாகவே நம்மிடம் இருக்கும்.

3. காம்பவுண்டு வீடு: பகிர்வு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் பல தளங்கள். பக்கத்துப் போர்ஷன்காரர் மோட்டார் போட்டால் நம் குழாயில் தண்ணி குறையுமே, அதே கதைதான். முதல் வருடக் கட்டணம் குறைவாக இருக்கும்; இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டவும்.

4. தனி மீட்டர் வீடு: வி.பி.எஸ். முழுச் சுதந்திரம் உண்டு. ரிப்பேர், பாதுகாப்பு எல்லாம் நம் தலையில். லினக்ஸ் பழக நல்லது. கட்டுரை எழுத மட்டும் என்றால் தேவையில்லை.

பெயர்தான் சொத்து

செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-ல் நாடு முழுக்க வந்தது. இணையத்தில் அந்த வேலையைச் செய்வது டொமைன் பெயர். பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்வது டி.என்.எஸ். வேறு சர்வருக்குக் குடிபோனால் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும். வாசகர் பழைய பெயரிலேயே வருவார். பிளாக்கரிலும் கிட்ஹப் பேஜஸிலும் இலவச இடத்துக்கே சொந்தப் பெயரை மாட்டலாம். பெயருக்கு மட்டும் வருடச் சந்தா. அதை நம் பெயரில், நம் மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும். செய்து கொடுக்கும் கடைக்காரர் பெயரில் அல்ல. தேதி தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு? எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். லேப் ரெக்கார்டு என்றால் என்ன, அரியர் என்றால் என்ன என்று வீட்டில் கேட்க ஆள் கிடையாது. தமிழ் மீடியத்தில் படித்து வரும் என் போன்றவர்களுக்குச் சீனியர்கள் எளிய தமிழில் எழுதி வைக்கும் குறிப்புதான் அண்ணன், அக்கா எல்லாம். அந்தப் பக்கம் திடீரென்று காணாமல் போனால், அடுத்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முடிவாக, காசு இல்லையா? பிளாக்கரோ கிட்ஹப் பேஜஸோ போதும், தயங்காமல் எழுதுங்கள். காசு சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது இடமல்ல, பெயர். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென்டிரைவில் போடுங்கள். இன்னொரு நகலை நண்பரிடம் கொடுங்கள். இடத்தை வாடகைக்கு எடுக்கலாம், எழுத்தை அடகு வைக்கக் கூடாது!

எழுதுவோம்! பகிர்வோம்! பாதுகாப்போம்!