காகமும் பனம்பழமும்
(பொருளாதார அளவையியல்: ஓர் அறிமுகம்)

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் நாட்டுப் பழமொழி. காகம் அமர்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் காகம் அமர்ந்ததால்தான் பழம் விழுந்ததா? அது வராதிருந்தாலும் பழம் விழுந்திருக்குமா? இத்தகைய வினாக்களுக்கு ஊகத்தால் அன்றிக் கணக்கால் விடை தேடும் கல்வியே பொருளாதார அளவையியல். எகனாமெட்ரிக்ஸ் என்ற பெயரால் பல்கலைக்கழகங்களில் பயிலப்படும் இப்பாடத்தின் பயனை நம் பள்ளித் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எளிய முறையில் எடுத்துரைப்பதே எங்கள் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

நார்வே நாட்டு அறிஞர் ராக்னர் ஃபிரிஷ் 1926-ஆம் ஆண்டு இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். பொருளியல், கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்றும் கூடிப் பிறந்த துறை இது. 1969-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ஃபிரிஷும் நெதர்லாந்து நாட்டு யான் டின்பெர்கனும் அதனைப் பகிர்ந்து பெற்றனர்.

அளந்தறியும் வழக்கம் நம் சென்னைக்கும் புதியதன்று. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் சிற்றூர்களில் நிலம், தொழில், கூலி, கடன் பற்றிய விவரங்களைத் திரட்டி வரச் செய்தார். அவை 1918-இல் நூலாக வெளிவந்தன. அந்த ஊர்களுள் ஒன்றான இருவேல்பட்டு போன்றவற்றைப் பிற்கால ஆய்வாளர்களும் மீண்டும் மீண்டும் சென்று அளந்திருக்கின்றனர்.

விவரம் திரட்டுவது முதற்படி. திரட்டிய எண்களிலிருந்து காரணத்தைக் கண்டறிவது அடுத்த படி. அது எவ்வளவு அரிது என்பதை நம் ஊர்ச் சந்தையிலேயே காணலாம்.

சந்தை கற்பிக்கும் பாடம்

வானகரம் மீன் சந்தையை நம்மில் அறியாதவர் இலர். அங்கே வஞ்சிர மீனின் விலையையும் விற்ற அளவையும் ஓராண்டு முழுவதும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவதாகக் கொள்வோம். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்பது தேவை விதி. எவ்வளவு ஏறினால் எவ்வளவு குறையும் என்பதை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த அளவிலேயே சொல்லிவிட முடியுமா? முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அப்பொழுது வரத்து குறைகிறது. ஆகவே விலை ஏறி, விற்பனை குறைகிறது. புரட்டாசி மாதத்திலோ இந்துக் குடும்பங்கள் பலவற்றில் அசைவம் சமைப்பதில்லை. வரத்து இருந்தும் வாங்குவோர் குறைவதால், விலையும் விற்பனையும் ஒருங்கே இறங்குகின்றன. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கும் நம் இல்லங்கள் சிலவற்றில் மீன்குழம்பு வைப்பதுண்டு. வாங்குவோர் கூடும் அத்தகைய நாட்களில் விலையும் விற்பனையும் ஒருங்கே ஏற இடமுண்டு.

இந்நாட்கள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு, அவற்றின் ஊடே ஒரு கோடு வரைந்தால், அது தேவைக் கோடும் அன்று. அளிப்புக் கோடும் அன்று. இரண்டும் கலந்த ஒரு குழப்பக் கோடு. கணினி அக்கோட்டை நொடியில் வரைந்து கொடுக்கும். அது எதைக் காட்டுகிறது என்பதைச் சொல்ல மனிதச் சிந்தனை வேண்டும்.

இச்சிக்கலை அவிழ்த்த ஒரு பெண்மணியின் ஆய்வை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். நியூயார்க் நகரின் ஃபுல்டன் மீன் சந்தையில் 1991 டிசம்பர் முதல் 1992 மே வரை 111 நாட்களில் ஒயிட்டிங் என்னும் மீன் விற்ற விவரங்களைக் கேத்ரின் கிராடி திரட்டினார். கடலில் காற்றும் அலையும் மிகுந்தால் மீன் வரத்து குறையும். ஆனால் நடுக்கடலில் அடிக்கும் காற்று, நகரில் இருப்பவருக்கு மீன் உண்ணும் ஆசையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆகவே, கடற்காற்றால் மட்டும் விலை மாறியதைப் பிரித்தெடுத்தால், வாங்குவோர் விலைக்கு எவ்வாறு இணங்குகின்றனர் என்பது தெளியும். விலை நூற்றுக்குப் பத்து ஏறினால் வாங்கும் அளவும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறைகிறது என்பதே விடை. இவ்வாறு ஒரு பக்கத்தை மட்டும் அசைத்துப் பார்க்க உதவும் காரணியைக் ‘கருவி மாறி’ என்பர். கிராடியுடன் இணைந்து இச்சந்தை பற்றி 2000-இல் கட்டுரை வெளியிட்ட ஜோஷுவா ஆங்ரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் இருவரும் 2021-இல் டேவிட் கார்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நம் மீன்பிடித் தடைக்காலத்தையும் அவ்வாறே கருவியாகக் கொள்ளலாமே என்று தோழியர் வினவலாம். நல்ல வினா! ஆனால் தடைக்காலம் கோடை விடுமுறையோடு சேர்ந்து வருகிறது. விடுமுறையில் வீட்டுக்கு விருந்தினர் வருவர். சிலர் வெளியூர் செல்வர். வாங்கும் அளவும் மாறும். அப்படியாயின் அசைந்தது ஒரு பக்கம் மட்டும் என்று கூற இயலாது. எந்தக் கருவியையும் ஏற்பதற்கு முன் இவ்வாறு ஐயுறுவதே இக்கல்வியின் உயிர்நாடி.

மிதிவண்டி செய்தது என்ன?

மீன் விலையைக் காட்டிலும் பெரிய செய்திகளும் இக்கணக்கில் அடங்கும். பீகார் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதன் பின்னர் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் பெருகினர். இது மிதிவண்டியாலா? அல்லது சாலைகள் சீரடைந்ததாலா, வருவாய் பெருகியதாலா? இங்கும் காகமும் பனம்பழமுமே நம் எதிரில் நிற்கின்றன.

கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலாளர் இருவர் இதனை ஆய்ந்தனர். சாலையும் வருவாயும் ஆண்பிள்ளைகளுக்கும் பொதுவானவை. திட்டமோ பெண்களுக்கு உரியது. ஆகவே பெண்களின் உயர்விலிருந்து ஆண்களின் உயர்வைக் கழித்தனர். எடுத்துக்காட்டாக, பெண்களில் நூற்றுக்கு 13 பேரும் ஆண்களில் 5 பேரும் கூடுதலாகச் சேர்ந்தனர் என்று கொண்டால், வேறுபாடு 8. ஆனால் எங்கும் பெண்கல்வி ஆண்களைவிட விரைந்து வளர்ந்துவரும் காலமாக அது இருக்கலாம் அல்லவா? அதனால் 2000 வரை பீகாரின் பகுதியாக இருந்த, இத்திட்டம் இல்லாத ஜார்க்கண்டிலும் அதே வேறுபாட்டைக் கணக்கிட்டனர். அங்கு அது 2 எனக் கொண்டால், எஞ்சிய 6 மட்டுமே மிதிவண்டியின் பங்கு. இவை விளக்கத்திற்காக நாங்கள் இட்ட எண்கள்.

2017-இல் வெளியான அவ்வாய்வின் உண்மையான முடிவு, பெண்களின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது என்பதாகும். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாகத் தெரிந்தது. மிதிவண்டியே காரணம் எனில், தொலைவு மிகுந்த இடத்தில்தானே பயனும் மிகவேண்டும்! முடிவை உறுதி செய்த சான்று இது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வாய்வுக்கு வீடு வீடாக எடுத்த கணக்கு பயன்பட்டது. பள்ளி வருகைப் பதிவேட்டில் படிக்கும் பெண்ணின் பெயர் இருக்கும். படிப்பை விட்டு அடுப்படியில் நிற்கும் பெண்ணின் பெயர் இராது. வராதவளையும் எண்ணினால்தான் கணக்கு நேர்மையாகும். தவறான கணக்கினால் நல்ல திட்டம் ஒன்று நிறுத்தப்படலாம். பயனற்ற திட்டத்தில் ஏழைகளின் வரிப்பணம் கரையலாம். ஆதலின் இது வெறும் எண் விளையாட்டு அன்று.

கற்கும் வழி

பன்னிரண்டாம் வகுப்புக்கென 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூலிலேயே இதற்கு ஓர் அறிமுகம் உண்டு. பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டு, மீச்சிறு வர்க்க முறை, தொடர்புப் போக்கு, கருவி மாறி என்று படிப்படியாகக் கற்பிக்கின்றனர். பின்னர் மெய்யான விவரங்களைக் கணினியில் ஏற்றிப் பயிற்சி பெறவேண்டும். இதற்கு உதவும் ஆர் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே உள்ளது. 1993-இல் தொடங்கப்பெற்ற சென்னைப் பொருளியல் பள்ளி கோட்டூர்புரத்தில் அமைந்துள்ளது. வானகரத்திலிருந்து இரண்டும் எட்டாத் தொலைவில் இல்லை.

கணிதம் பெண்களுக்குக் கடினம் என்று சொல்வோர் இன்றும் உளர். எஸ்தர் டுஃப்லோ 2019-இல் இருவருடன் பகிர்ந்து நோபல் பரிசு பெற்றார். பெண்களின் உழைப்பையும் ஊதியத்தையும் இருநூறு ஆண்டு விவரங்களில் தேடி ஆய்ந்த கிளாடியா கோல்டின், 2023-இல் பொருளியல் பரிசைத் தனியொருவராகப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். இவர்களே அதற்கு விடை.

தோழியரே! பட்டப்படிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேட்டை எடுங்கள். அன்னையர் சந்தைக்குச் செல்லும் நாட்களில் மீனின் விலை, வாங்கிய அளவு, அன்றைய கிழமை, வானொலி கூறும் கடல்நிலை ஆகிய நான்கையும் ஒரு மாதம் எழுதி வாருங்கள். விலை ஏன் ஏறியது என்று வீட்டில் ஒருவர் காரணம் கூறினால், அதை மறுக்கவும் வேண்டா. உடனே ஏற்கவும் வேண்டா. ‘அது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்று பணிவோடு கேளுங்கள். இக்கல்வியின் முதற்பாடம் அக்கேள்வியே.